மாடி ஏறாத அலுமாரி

வெள்ளவத்தைக் கடையில் அலுமாரிக் கதவைத் திறந்ததும் தேக்கு மணம் வந்தது. மனைவி கதவை ஆட்டி ஆட்டிப் பிணைச்சல்களைச் சோதித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிவீடு நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா ஆறேழு கடை ஏறி இறங்கி, பலகை பலகையாகத் தட்டிப் பார்த்து, ஒரு தேக்கு அலுமாரி வாங்கினார். நான்கு பேர் தூக்கியும் அது மாடிப்படியின் வளைவைத் தாண்டவில்லை. மேற்பக்கத்தைக் கொஞ்சம் அறுத்தால் போகும் என்றார்கள்.

"இந்த மரத்தில வாள் வைக்க விடமாட்டன்," என்றார் அப்பா.

அலுமாரி கீழே, படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அம்மா சேலை எடுக்க ஒவ்வொரு நாளும் இறங்கி ஏறினார். மூன்றாம் நாளிலிருந்து அப்பாவோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்.

கீழ்வீட்டு ஸரீனா மாமிதான் வழி சொன்னார். "அது மேல வராட்டி நீங்க கீழ வாங்களேன். நாங்க மேல போறோம். எங்களுக்கும் நல்ல காத்து வரும்."

இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரே. அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பங்களும் வீடு மாறின. மாமியின் பிரியாணிச் சட்டியும் எங்கள் சாமிப்படங்களும் படியில் ஒன்றையொன்று கடந்துபோயின. அலுமாரி உள்ளே வந்ததும் அம்மா கதவைத் தடவிப் பார்த்து, "நல்ல மரம்தான்," என்றார். அப்பாவுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

"இது பிடிச்சிருக்கோ?" என்று மனைவி என் தோளைத் தட்டினாள்.

"பிடிச்சிருக்கு. ஆனா முதல்ல போய் எங்கட லிஃப்டை அளந்துபோட்டு வருவம்."