வெள்ளை மை மிஷின் பார்க்கப் போன அன்று

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மாதம், மதுரையில் மிஷின் விற்கும் கடை ஒன்றில் நடந்தது இது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் ரோட்டில், பனியன் சட்டையில் படம் அச்சடிக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. கார்த்திகை பிறந்தால் மலைக்கு மாலை போடுகிறவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து, கறுப்புச் சட்டையில் ஊர்ப் பெயரும் சாமி படமும் கேட்பார்கள். கறுப்பின் மேல் வேறு நிறம் நேராக எடுக்காது. முதலில் வலைச் சட்டத்தைச் சட்டை மேல் வைத்து, ரப்பர் கட்டையால் வெள்ளை மை இழுத்து, காயவைத்து, மறுபடி வெள்ளை இழுத்து, அதற்கு மேல்தான் மற்ற நிறங்கள். எல்லாம் கை வேலை. இருபது வருடம் இழுத்ததில் வலது தோள் போய்விட்டது. தலை சீவக்கூடக் கை எழும்பவில்லை. இன்னொரு சீசன் இப்படி இழுத்தால் கையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போதாததற்கு, என் சேக்காளி ஒருவன், "ஏலே, போன வருசம் நீ அடிச்ச சாமிக்கு மலையேறி எறங்குறதுக்குள்ள பாதி மூஞ்சியக் காணோம்டா" என்று பத்துப் பேர் முன்னால் சிரித்தான். இரண்டாவது தடவை வெள்ளை இழுக்கத் தெம்பில்லாமல் விட்ட சட்டைகள் அவை.

மிஷினில் இரண்டு வகை என்றார்கள். ஒன்று துணியிலேயே நேராக அடிப்பது. மற்றது ஃபிலிமில் அடித்து, பவுடர் தூவி, பிறகு சூட்டில் அழுத்தித் துணியில் ஒட்டுவது. எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நேரில் பார்த்துவிடலாம் என்று மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் சொல்ல, அங்கே வேலை பார்க்கும் அம்மா ஒருவர் துணியில் நேராக அடிக்கும் மிஷினை ஓட்டிக் காட்டினார். கறுப்புச் சட்டை உள்ளே போனது. வெள்ளை விழுந்து, அதன் மேல் ஒரு மயில் தோகையோடு வந்தது. யாரும் கையால் இழுக்காமல் ஒரு சட்டை முடிந்ததை அன்றுதான் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் பேசியதில் பாதி புரியவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"வீட்ல கேட்டாச்சாண்ணே?"

"கேட்டாச்சு. சரின்னுட்டா."

அவர் ஆர்டர் ஃபாரம் எடுக்க உள்ளே போனார். அந்த மிஷினை ஓட்டிக் காட்டிய அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மிஷினைத் துடைத்தபடி, தலை நிமிராமலே கேட்டார்.

"ஒங்களுக்கு வேலை தெனமும் வருமாண்ணே?"

"கார்த்திகை, மார்கழிதாம்மா. பெறகு பங்குனியில அம்மன் கோயில் பொங்கலுக்கு. மத்த நாளு சும்மாதான்."

"அப்ப இது வேணாம். வெள்ளை மை அடியில தங்கிரும். நாலு நாள் ஓட்டாமப் போட்டா மை வர்ற ஹெட்டு அடைச்சுக்கிரும். ஏசி ரூம்லயே நான் ஞாயித்துக்கிழமையும் வந்து ஓட்டிட்டுப் போறேன். ஒங்க ஊரு வெயிலுக்குக் கேக்கவா வேணும்? ஃபிலிம வெளிய அடிச்சு வாங்கிக்கங்க. ஒட்டுற பிரஸ் மட்டும் ஒண்ணு வைங்க. அது சும்மா கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது." கதவைப் பார்த்துவிட்டு, "நான் சொன்னதா இருக்க வேணாம்ணே" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

கடைக்காரர் ஃபாரத்தோடு வந்தார். எங்கள் பக்கம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் இல்லை. வீட்டில் கேட்டுவிட்டு வாரேன் என்று நழுவிவிடுவோம். அதற்கும் நான் வழி வைக்கவில்லை.

"என்னண்ணே ரோசனை? வீட்லதான் சரின்னுட்டாங்களே" என்று பேனாவை நீட்டினார்.

யார் மேலாவது போட்டுத் தப்பித்தே பழகிய வாய். "இல்ல... இந்தம்மா வேணாம்னாங்க" என்று வந்துவிட்டது.

அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் மட்டும், "நீங்க யாருகிட்ட வேலை பாக்குறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த அம்மா துடைத்த துணியை மடித்து வைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த அம்மா மேல் தப்பில்லை, எனக்குத்தான் வேண்டாம் என்று நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அந்த அம்மா சொன்னபடியே செய்தேன். அந்த வருடம் சாமி முகம் மங்கவில்லை. தோளும் இன்றுவரை தாங்குகிறது. தை மாதம், மன்னிப்புக் கேட்கலாம் என்று அந்தக் கடைக்குப் போனேன். மிஷின் முன்னால் வேறொருவர் நின்றார். முன்பு இருந்த அம்மா எங்கே என்று கேட்டேன். "அவங்க நின்னுட்டாங்களே" என்றார். என்னால்தானா என்று கேட்க அங்கேயும் வாய் வரவில்லை. விசாரித்துப் போக அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

என் கூச்சம் என்னை மட்டும்தான் கஷ்டப்படுத்துகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் எனக்கு வேண்டாம் என்று எங்கேயும் நானே சொல்லிவிடுகிறேன். சொல்லி முடித்ததும் நிம்மதி வருவதில்லை, அதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஆதங்கம்தான் வருகிறது.