மணிக்கு எத்தனை தோட்டா?

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளில் எங்கள் அழைப்பை ஏற்று வந்திருக்கும் உறவினர்களுக்கும், அவருடன் படித்த நண்பர்களுக்கும், ஓரிக்கை ஊர்ப் பெரியவர்களுக்கும், வர இயலாமல் இம்மலரைத் தபாலில் பெறப்போகிறவர்களுக்கும் தங்கையின் வணக்கம். பிறந்தது, படித்தது, வேலை பார்த்தது என்று வரிசையாக எழுதித் தாருங்கள் என்று அச்சகத்தில் சொன்னார்கள். முடிந்த வரை அப்படியே எழுதுகிறேன். ஆனால் அண்ணனைப் பற்றி நீங்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். துக்கத்துக்கு வந்த இடத்திலேயே இரண்டு பேர் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்கள், "அமெரிக்காவுல வீட்டுலயே துப்பாக்கித் தோட்டா செஞ்சாராமே, நெசமாம்மா?" என்று. நிஜம்தான். இனி யாரும் தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டாம் என்பதற்காக அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது ஓரிக்கையில். பாலாற்றுப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. பெற்றோருக்கு நாங்கள் இரண்டே பிள்ளைகள், அவரும் நானும். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டார். அண்ணன் பகலில் பாலிடெக்னிக், மாலையில் லேத் பட்டறை என்று ஓடிக் குடும்பத்தைத் தாங்கினார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர் அவர். எனக்கு மாப்பிள்ளை பார்த்து, மண்டபம் பிடித்து, அம்மாவுக்கு ஒரு கவலையும் வைக்காமல் திருமணம் செய்துவைத்தவரும் அவர்தான். அதற்குப் பிறகே தன் திருமணத்தைப் பற்றி யோசித்தார்.

அவர் மிகவும் நிதானமானவர். நிதானம் என்பது மலருக்காக நான் எழுதும் சொல். வீட்டில் நாங்கள் சொன்னது வேறு. கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு முடிப்பதற்குள் போக வேண்டிய பஸ் போய்விடும். "இவன் பொறக்கவே பத்து மாசம் தாண்டிட்டான்" என்று அம்மா சொல்வார்கள். அந்த நிதானத்தைத்தான் லேத் பட்டறை முதலாளிக்குப் பிடித்தது. அவர் கைகாட்டிச் சென்னையில் வேலை கிடைத்தது, அங்கிருந்து அமெரிக்காவில் ஓர் இயந்திரத் தொழிற்சாலைக்குப் போனார். அண்ணியையும் அழைத்துக்கொண்டார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. என் மகள் கோமதியைத்தான் இரண்டு பேரும் தங்கள் பிள்ளையாக நினைத்தார்கள்.

அண்ணி திடீரென்று மறைந்த பிறகு அண்ணன் தனியாகிவிட்டார். வந்துவிடு என்று நான் எத்தனையோ முறை அழைத்தேன். வேலை இருக்கிறதே என்றார். அப்போதுதான் உடன் வேலை பார்த்த ஒருவர் அவரை அந்த ஊர்த் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு அழைத்துப்போயிருக்கிறார். எங்கள் அண்ணன் ஒரு குருவியைக்கூடச் சுட்டதில்லை. தூரத்தில் வட்டம் போட்ட காகிதத்தை மாட்டிவைத்து அதைச் சுடுவார்கள். சுட்டபின் பித்தளைக் குப்பி மிஞ்சும். அதைத் தூக்கி எறியாமல் சுத்தம் செய்து, வெடிமருந்து நிரப்பி, மேலே புதிதாக ஈயக் குண்டு பொருத்தினால் மறுபடியும் தோட்டா ஆகிவிடும். அந்த ஊரில் இது சட்டப்படி அனுமதி உள்ள பொழுதுபோக்கு. இங்கே சிலர் மாடியில் மீன் தொட்டி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது போல, அங்கே கார் நிறுத்தும் ஷெட்டில் இதற்கென்றே இருக்கும், கையால் இழுத்து அழுத்தும் ஒரு பிரஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அதில் வேகக்காரர்கள் இருக்கிறார்கள். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் தட்டு தானாகச் சுற்றி, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா விழும் பிரஸ் உண்டாம். பழகியவர்கள் அதில் மணிக்கு நானூறு, ஐநூறு என்று செய்துவிடுவார்களாம். அண்ணனிடம் இருந்ததோ ஒரு சமயத்தில் ஒரு வேலையை மட்டும் செய்யும் பிரஸ். கிளப் நண்பர்கள் சேர்ந்து அவருக்கு அந்த வேகமான பிரஸை வாங்கிப் பரிசாகக் கொடுத்தார்கள். ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "கை முன்னாடி ஓடுதும்மா, கண்ணு பின்னாடி வருது" என்றார்.

இப்போது கோமதியின் கல்யாணக் கதைக்கு வருகிறேன். ஐயம்பேட்டையிலிருந்து நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கண்டிப்பானவர், ஊரில் நல்ல பெயர். பெண் பார்த்து, பேச்சு முடிந்து, பத்திரிகை அடிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. அண்ணன் அங்கே தன் பிரஸைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூப் போட்டு, அதன் முன்னால் பொரி கடலையோடு தான் செய்த தோட்டாக்களையும் பளபளவென்று வரிசையாக நிற்கவைத்து, படம் எடுத்துக் குடும்பக் குழுவில் அனுப்பினார். கோமதி பெருமையாக அதை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் மாப்பிள்ளையின் அப்பா எங்கள் வாசலில் நின்றார்.

"ஏம்மா, உங்க அண்ணன் மிஷின் கம்பெனியில இருக்கறாருன்னு தானே சொன்னீங்க? இது இன்னாம்மா இது?" என்று செல்போனை நீட்டினார்.

பொழுதுபோக்கு என்று சொன்னேன். அவர் ஏற்கவில்லை. அதற்குள் யாரோ ஒரு அமெரிக்கர் செய்யும் வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள செய்யறான்மா. மணிக்கு ஐநூறாம். பொழுதுபோக்குக்கு யாராவது மணிக்கு ஐநூறு தோட்டா செய்வாங்களா? யாருக்கு செய்யறாரு? நாளைக்கு போலீசு வந்து நின்னா எம் புள்ளையும்ல பதில் சொல்லணும்?"

என் வீட்டுக்காரர் சமாதானம் பேசினார். நல்லவேளை, பெண் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இரண்டில் ஒன்று கேட்டார். அந்த வேலையை விட்டுவிட்டதாக அண்ணன் தன் வாயால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் வரக்கூடாது, அவர் மேடைக்கும் வரக்கூடாது.

தாய்மாமன் மாலை போடாமல் என் மகள் மணையில் உட்காருவதா? என்னைக் கரையேற்றிய ஒரே அண்ணன், ஒரே மருமகள் கல்யாணத்துக்கு வரக்கூடாதா? உடனே அவரைக் கூப்பிட்டேன்.

"நிறுத்திட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுண்ணா. அங்க நீ இன்னா பண்ணிக்கினு இருக்கறேன்னு யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"நிறுத்தலயேம்மா" என்றார். பிறகு, "பத்திரிகையில எம் பேரை எடுத்துடு. பெரியப்பா பையனை மாலை போடச் சொல்லு. கொழந்தை கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும், அது போதும்" என்றார்.

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன எனக்கு. பொய்யும் சொல்ல மாட்டார், சண்டையும் போட மாட்டார், எனக்கு மட்டும் தூக்கம் போக வேண்டும்! மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய் நின்றேன். "நீங்களே ஒருதரம் வீடியோவுல நேரா பாருங்க. பாத்துட்டு அப்புறம் எந்த பேரை வேணும்னாலும் எடுங்க" என்றேன். ஒத்துக்கொண்டார்.

ஞாயிறு மாலை எங்கள் கூடத்தில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். அங்கே காலை நேரம். அண்ணன் குளித்து, விபூதி பூசி, ஷெட்டில் பிரஸ் முன்னால் அமர்ந்திருந்தார். வணக்கம் சொன்னார். குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், துடைத்தார், பிரஸில் வைத்து இழுத்தார், மறுபடி பார்த்தார். எங்கள் வீட்டில் காபி வந்து, ஆறி, ஆடை கட்டிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ஒருவழியாகக் குப்பிகளைப் பலகையில் வரிசையாக நிற்கவைத்து, தராசில் நிறுத்து மருந்து போடத் தொடங்கினார் அண்ணன்.

மாப்பிள்ளையின் அப்பா மரியாதைக்காகப் பேச்சுக் கொடுத்தார். "சார், காபி சாப்ட்டீங்களா?"

பதில் இல்லை.

"சார், கேக்குதுங்களா?"

அண்ணன் நிமிரவே இல்லை. சம்பந்தம் பேச வந்த மனிதர் கேட்கிறார், இவர் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் சுருங்கியது. துண்டை உதறித் தோளில் போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா! உன்னத்தான் கேக்கறாரு!" என்று கத்தினேன்.

அண்ணன் கை நின்றது. பலகையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிரப்பிய குப்பிகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து மருந்தைத் திரும்பக் கொட்டிவிட்டார். கடைசிக் குப்பியும் காலியான பிறகே எங்கள் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சிக்குங்க சார். மருந்து போடும்போது யாரு கூப்ட்டாலும் பேச மாட்டேன். தங்கச்சி கத்தனதுல எதுல போட்டேன், எதுல போடலன்னு சந்தேகம் வந்துடுச்சு. ஒன்னுல ரெண்டு தரம் விழுந்துட்டா, சுடும்போது துப்பாக்கியே வெடிச்சு கையும் கண்ணும் போயிடும்."

"யாருக்கு சார் போவும்?"

"எனக்குத்தான் சார். நான் தானே சுடறேன்."

மாப்பிள்ளையின் அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அப்ப மணிக்கு எத்தினி சார் செய்வீங்க?"

அண்ணன் பலகையைப் பார்த்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு இதுவரைக்கும் ஒன்னும் ஆகல சார்" என்றார்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அப்பாதான். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"வண்டியில எம் பக்கத்துல உக்காந்து பேச்சு குடுப்பானுங்கம்மா. கண்டுக்கவே மாட்டேன். திமிரு புடிச்சவன்னு ஊரே சொல்லும். பேசிக்கினே ஓட்டனவன்லாம் இன்னா ஆனான்னு எனக்குத் தெரியும். நீ பத்திரிகை அடிம்மா. இவரு பேரை மொதல்ல போடு."

அண்ணன் வந்தார். மாலை போட்டார். மாலையின் நாரைச் சரிபார்த்து, திருப்பிப் பிடித்து, கோமதியின் கூந்தலில் சிக்காமல் அவர் போட்டு முடிப்பதற்குள் ஐயர் நல்ல நேரம் போகிறது என்று பறந்தார். "அவர அவசரப்படுத்தாதீங்க சாமி" என்று மேடையிலிருந்து குரல் கொடுத்தவர் சம்பந்தியேதான். அன்று முதல் இரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் பேச்சு. என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது. பாதி நேரம் இரண்டு பக்கமும் மௌனமாக இருக்கும் என்று கோமதி சொல்வாள். வயதில் சிறியவரான சம்பந்தி சொல்லும் "சார்" எப்போது "அண்ணே" ஆனது என்றும் தெரியாது.

அண்ணனுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது நாங்கள் இங்கே தவித்துப்போனோம். விசா கிடைக்கவில்லை. அந்தக் கிளப் நண்பர்கள்தான் முறை வைத்து மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்கள், கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டார்கள், வீட்டைக் காலி செய்து, பிரஸைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, அவரைச் சக்கர நாற்காலியில் விமானம் வரை கொண்டுவந்து விட்டார்கள். தோட்டா செய்கிறவர்கள் என்று நாம் பயந்த மனிதர்கள் அவர்கள். தமிழ் தெரியாத அவர்களுக்கு இந்தப் பக்கத்தைக் கோமதி மொழிபெயர்த்து அனுப்புவாள். எங்கள் குடும்பம் அவர்களுக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இங்கே வந்த பிறகு அண்ணன் எங்கள் வீட்டில் இருந்தார். சம்பந்தி தினமும் காலையில் ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துவிடுவார். அண்ணனுக்கு முகச்சவரம் செய்வார், பேப்பர் படித்துக் காட்டுவார், சென்னை மருத்துவமனைக்குத் தானே கார் ஓட்டி அழைத்துப்போவார். அண்ணன் இட்லி சாப்பிட நெடுநேரம் ஆகும். நான் பொறுமை இழந்து எழுந்துபோய்விடுவேன், அவர் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு காலைப் பொழுதில் அவர் அருகில் இருக்கும்போதே அண்ணனின் மூச்சு அமைதியாக அடங்கியது. இறுதிக் கடன்களை மாப்பிள்ளை செய்தார். சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தெருவே திரண்டு வந்து உதவிய அண்டை வீட்டாருக்கும், அன்று சமைத்துப் போட்ட பெண்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இம்மலரின் கடைசிப் பக்கத்துக்குக் குடும்பத்தார் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தபோது சம்பந்தி வந்தார்.

"எம் பேரை எப்பிடிம்மா போட்டுக்கிற?"

"சம்பந்தின்னுதாங்க. வேற எப்பிடி போடறது?"

எழுதிய தாளை வாங்கிப் பார்த்தார். "இந்த மனுசன் பேரு பத்திரிகையில வரக் கூடாதுன்னு சொன்ன வாயிம்மா இது" என்றார். "தம்பின்னு போடும்மா. அவரு என்னை அப்பிடித்தான் கூப்ட்டாரு."

யோசித்துப் பார்த்தேன். என் அண்ணனுக்குத் தம்பி என்றால் எனக்கும் உடன்பிறப்பு. அவர் மகனுக்கு என் மகளைக் கொடுத்தது முறைப்படி சரியாகத்தான் வருகிறது. அச்சகத்தில் இரண்டு முறை போன் செய்து கேட்டார்கள், அப்படியே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆகவே, நாங்கள் இரண்டே பிள்ளைகள் என்று அறிந்த உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைசிப் பக்கத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் தம்பி என்று ஒருவர் பெயர் இருக்கும். அச்சுப் பிழை என்று யாரும் எண்ண வேண்டாம்.