சர் பனியாஸ் தீவில் ஆளில்லாத கோயில்

எனக்கு வயது எழுபத்தொன்று. கன்னியாகுமரிக் கடற்கரையில் முதலில் கட்டுமரமும் பிறகு வள்ளமும் தள்ளியவன். போன வருடம்தான் எழுத்துப் படித்தேன். ஒரு பத்தி எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆனாலும் எழுதி முடித்ததைத் திரும்ப வாசிக்கும்போது வருகிற சந்தோஷம் பெரிது. என் மகள் ரெஜினா இதை இணையத்தில் ஏற்றுகிறாள்.

ரெஜினா அமீரகத்தில் ருவைஸில் நர்ஸ். ஜனவரியில் ஒரு மாதம் அவளோடு தங்கப் போனேன். நல்ல மனதோடு போகவில்லை. எங்கள் ஊர்ப் பழைய கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்ட முடிவாகியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஞாயிற்றுப் பூசை முடிந்ததும் ஒரு தாள் சுற்றி வந்தது. திருவிழாவுக்கு வெள்ளையடிக்கத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கைநாட்டு வைத்தேன். எழுத்து வந்த பிறகு, கோயில் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த அதே தாளை எழுத்துக் கூட்டி வாசித்தேன். ‘முழுவதும் அகற்றிவிட’ என்று இருந்தது. அடியில் என் பெருவிரல்.

ஞானஸ்நானமும் கல்யாணமும் எனக்கு அங்கேதான் நடந்தன. நான் கிளம்பும்போது இடிக்கிற வேலை தொடங்க மூன்று வாரமே இருந்தது. கைநாட்டைத் திரும்ப வாங்க முடியுமா என்பதே எனக்கு ஓயாத யோசனை.

“ஒரே நெனப்பா இருக்காதியப்பா. இங்கயும் பக்கத்துத் தீவுல ஒரு பழைய கோயில் உண்டு. எனக்கு சனிக்கிழமை டூட்டி இல்ல, போயி பாப்பம்” என்றாள் ரெஜினா.

காலை எட்டு மணிக்கு டாக்ஸி பிடித்தோம். ஜபல் தன்னா படகுத்துறைக்கு இருபத்திரண்டு திர்ஹம். ஒன்பது மணிப் படகு அரை மணி நேரத்துக்குள் தீவில் சேர்த்தது. படகுக்கும் தீவைச் சுற்றவும் எவ்வளவு ஆனது என்று மகள் சொல்லவில்லை. சொன்னால் நான் திரும்பிவிடுவேன் என்று பயம். கடல் தட்டையாக, சாம்பல் நிறமாகக் கிடந்தது. ஒரு வலைகூடக் கண்ணில் படவில்லை.

தீவில் வண்டி ஓட்டியவர் புதுக்கோட்டைக்காரர், முருகேசன்.

“மானு, ஒட்டகச்சிவிங்கியெல்லாம் இருக்குய்யா. எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. நீங்க என்ன, இடிஞ்ச செவத்தக் கேக்குறீங்க?”

“எங்க அப்பா கோயில இடிக்கக் கைநாட்டு வச்ச ஆளு. இடிச்சா எப்படி இருக்கும்னு பாக்க வந்திருக்காவ” என்றாள் மகள். அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

கோயில் ஒரு பந்தலுக்குக் கீழே இருந்தது. சுவர்கள் என் முழங்காலுக்கு, சில இடத்தில் இடுப்புக்கு. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்தைய மடமாம். கிழக்கத்திய கிறிஸ்தவத் துறவிகள் வாழ்ந்த சிறு அறைகள், நடுவே கோயில். சாந்தில் செய்த சிலுவைகளும் மண்ணுக்குள் கிடைத்தன. முப்பது வருடத்துக்குச் சற்று முன்புதான் இது வெளியே தெரிந்தது.

பலகையில் அரபியும் இங்கிலீஷும் மட்டும். நான் மறுபடியும் எழுத்துத் தெரியாதவன் ஆனேன். மகள் வாசித்துச் சொன்னாள். இது சாப்பாட்டு அறையாக இருக்கலாம். இங்கே அடக்கம் செய்யப்பட்டவர் மடத்துப் பெரியவராக இருக்கலாம்.

“எல்லாம் ‘இருக்கலாம்’தானா மக்களே? பேரு ஒண்ணும் இல்லியா?”

“எழுதி வச்சது ஒண்ணும் கெடைக்கலியாம்ப்பா.”

“யாரு இடிச்சது?”

“யாரும் இடிக்கலயாம். தீ வச்ச தடயமும் இல்ல. ஆளு கொறஞ்சு கொறஞ்சு போயிருக்காவ.”

அந்தக் கல்லறைப் பக்கம் நின்று ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். யாருக்காக என்று பெயர் சொல்லத் தெரியவில்லை. முருகேசன் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார்.

ருவைஸுக்குத் திரும்பியதும் நான்கு நாள் உட்கார்ந்து கோயிலை நடத்தும் பங்குப் பேரவைக்குக் கடிதம் எழுதினேன். தெரியாமல் கைநாட்டு வைத்தேன், எனக்குச் சம்மதமில்லை என்று. கடைசியில் கையெழுத்தும் போட்டேன். மகள் அதைப் படம் எடுத்து அனுப்பினாள். அன்றே பேரவைச் செயலாளரின் குரல் போனில் வந்தது: “அண்ணே, எழுத்து ரொம்ப நல்லாருக்கு, சாமியார்ட்டயும் காட்டுனேன். ஆனா ஜேசிபிக்குச் சொல்லியாச்சு.”

நான் ஊர் திரும்பியபோது மணல்தான் இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: தீவுப் பயணத்தை முன்பே பதிவு செய்யுங்கள், நேரே போனால் படகில் ஏற்ற மாட்டார்கள். குளிர்காலத்தில் போங்கள். தொப்பியும் தண்ணீரும் வேண்டும். மடத்துக்குப் போக வேண்டும் என்று வண்டிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மான்களோடு நேரம் போய்விடும். இங்கிலீஷ் வாசிக்கிற ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

‘இருக்கலாம்’ என்று யாரும் சொல்ல வேண்டாம் என்பதற்காக இதையும் எழுதுகிறேன். எங்கள் கோயில் வாசல் கடலைப் பார்த்து இருந்தது. வாசலிலிருந்து பீடம் வரை என் நடைக்கு நாற்பத்தொரு எட்டு. படிகள் நான்கு, மூன்றாவது படி நங்கூரம் விழுந்து உடைந்தது, அதைத் தூக்கி வந்தவன் நான்தான். தெற்குச் சன்னலுக்குக் கதவு கிடையாது. மழை பெய்தால் பெண்கள் இடது பக்கம் ஒதுங்கி நிற்பார்கள். என் மனைவி பிலோமி தூணை ஒட்டி நிற்பாள்.