வலிக்கு எத்தனை மார்க்?

தர்மபுரியில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவின் ஜூனியர் டாக்டராக இருந்தபோது, பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் வந்தார். பரிமாற்றம் என்பது பெயருக்குத்தான். இங்கிருந்து அங்கே போனது எங்கள் சீஃப் மட்டும், அதுவும் குடும்பத்தோடு. எனக்கு வாய்த்தது மொழிபெயர்க்கும் வேலை.

பேராசிரியர் தங்கமானவர். ஆனால் எல்லா நோயாளியிடமும் ஒரே கேள்வி: பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு? வலியை யாரய்யா எண்ணிச் சொல்கிறார்கள்? நம்மாட்கள் "சுருக்குன்னுது", "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்பார்கள். அதனால் நான், "பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" என்று கேட்க ஆரம்பித்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு வத்தல்மலை விவசாயி. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து அன்று வீட்டுக்குப் போக வேண்டியவர். மறுநாள் காலை மகளுக்கு நிச்சயதார்த்தம். பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கேட்டேன். பேராசிரியரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பத்துக்குப் பத்து போட்டுருங்க" என்றார் தாராளமாக.

பேராசிரியர் பதறிவிட்டார். பத்து என்றால் உயிர் போகிற வலியாம். வீட்டுக்கு அனுப்பக் கூடாது, ஸ்கேன் எடுங்கள் என்றார்.

"என்னங்க, அவ்ளோ நோவுதா?" என்று விவசாயியைக் கேட்டேன்.

"நோவெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அவ்ளோ தூரத்துலருந்து வந்த மனுசன். கொறச்சுப் போட்டா நல்லாவா இருக்கும்?"

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இன்று போக முடியாது என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கில் அதுவும் அடங்கிவிட்டது. "மார்க்கு அவருக்கில்லீங்க, உங்க நோவுக்கு. நோவில்லைன்னா முட்டை. முட்டைன்னாத்தான் வூட்டுக்கு விடுவாரு" என்றேன். தலையாட்டினார். கேள்வி சரியாகப் புரியவில்லை என்று பேராசிரியரிடம் சொல்லி, மறுபடி கேட்க வைத்தேன்.

விவசாயி தரையைப் பார்த்தபடி மடியிலிருந்த பையின் முடிச்சை இறுக்கினார். பிறகு, "முட்டைங்க" என்றார், யாருக்கோ துரோகம் செய்கிற குரலில்.

பேராசிரியர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். பையோடு வாசல்வரை போன விவசாயி திரும்பி வந்து, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மனசுல வச்சிக்காதீங்க சாமி. பொண்ணுக்கு நிச்சயம், அதனாலதான் முட்டை போட்டுட்டேன். உங்க வைத்தியத்துல ஒரு கொறையும் இல்ல."

என்ன சொல்கிறார் என்று பேராசிரியர் என்னைக் கேட்டார். மகள் நிச்சயத்துக்கு உங்களைக் கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டேன். வேறென்னத்தைச் சொல்ல?