பஸ் நெற்றியில் ஓடிய பாஸ்வேர்டு

நூற்றுப் பதினெட்டு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டு லேப்டாப்பின் எல்லாப் பூட்டுகளுக்கும் இதுதான் சாவியாக இருந்தது. அதே எண், பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை, ஒரு பஸ்ஸின் நெற்றியில் விளக்குப் போட்டு ஊரைச் சுற்றி வந்தது.

அந்த பஸ்ஸை ஓட்டுகிறவர்தான் லேப்டாப்பின் சொந்தக்காரர். முட்டாள் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதைக் கண்டாலும் 'இது ஏன் இப்படி?' என்று கேட்கிற ஆள். கியர் கரகரத்தால் மற்ற டிரைவர்கள் திட்டுவார்கள். இவர் தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார். பணிமனை மெக்கானிக்குகள் இவரைக் கண்டால் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். கேள்வி கேட்டே ஒரு ஷிப்டை முடித்துவிடுவார் என்ற பயம்.

லேப்டாப் மகள் விட்டுப்போனது. வேலை கிடைத்து வெளியூர் போகும்போது, 'இது ஆமைப்பா, நீங்களே வெச்சுக்கோங்க' என்று கொடுத்துவிட்டாள். ரிப்பேர் கடைக்காரர் தூக்கிப் போடச் சொன்னார். டிரைவரோடு ஓடுகிற கண்டக்டர்தான் தடுத்தார். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"தூக்கிப் போடுறதா? பாரம் ஏத்தி ஏத்தி முதுகை ஒடிச்சு வெச்சிருக்காங்கண்ணே. விண்டோஸை இறக்கிட்டு லினக்ஸை ஏத்துங்க, ஓடும்."

பென் டிரைவில் லினக்ஸை ஏற்றிக் கொடுத்தார். மிச்சத்தை டிரைவர் வீட்டில் உட்கார்ந்து, போனில் கேட்டுக் கேட்டு முடித்தார். அங்கேதான் கோளாறு நடந்தது.

"டிஸ்க்கைப் பூட்டணுமான்னு கேக்கும், ஆமான்னு குடுங்க. அப்புறம் ரூட் பாஸ்வேர்டு கேக்கும்ணே. போடுங்க" என்றார் கண்டக்டர்.

டிரைவருக்கு ஆச்சரியம். நான் ரூட் ஓட்டுகிறவன் என்று இந்தப் பெட்டிக்கு யார் சொன்னது? கேட்கவும் கூச்சம். நூற்றுப் பதினெட்டு என்று அடித்தார். டிஸ்க்குக்கும் அதுவே, தன் பெயருக்கும் அதுவே.

லினக்ஸ் ஏறியதும் லேப்டாப் பறந்தது. அதைப் பிடித்துக்கொண்டது அவர் மனைவி. அந்த அம்மாவுக்குப் பாடம் வாசிக்கிற வேலை. பார்வையில்லாத மாணவர்களுக்காக உயிரியல் புத்தகத்தைக் குரலில் பதிவு செய்து கொடுக்க வேண்டும். துணி அலமாரிக்குள் தலையை விட்டு, போர்வைகளுக்கு நடுவே மைக்கை வைத்து, புத்தகம் முழுவதையும் வாசித்து முடித்தார். பதிவு நடக்கும்போது குக்கர் வைக்கக்கூடாது, டிரைவர் செருமக்கூடாது. ஒரு நாள் தும்மலை அடக்கிக் கண் பிதுங்கிப்போனார் மனுஷன்.

முடித்த கையோடு தொண்டையில் ஒரு கட்டிக்கு அறுவை சிகிச்சை. இனி மாதக்கணக்கில் வாசிக்கக்கூடாது, இப்போதைக்குப் பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரல் பழையபடி வருமா என்பதற்கு அவர் உத்தரவாதம் தரவில்லை. மாணவர்களுக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. இருந்தது ஒரே பதிவு, ஒரே லேப்டாப்பில். வேறெங்கும் நகல் கிடையாது. படிக்கிறவர்கள் இந்த இடத்தில் தங்கள் வீட்டுக் கணினியை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம். நினைத்துப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்படலாம்.

பதிவுகளை அனுப்பவேண்டிய நாள். டிரைவருக்கு விடுப்பு. லேப்டாப்பைத் திறந்தார். கறுப்புத் திரையில், தேதியும் நேரமும் போய்விட்டன என்று இங்கிலீஷில் ஒரு வரி. படிக்காமல் ஒரு விசையைத் தட்டித் தள்ளிவிட்டார். எல்லாவற்றையும் ஏன் என்று கேட்கிற ஆள் இதை மட்டும் கேட்கவில்லை. திரையில் எச்சரிக்கை வந்தால் படித்துத் தொலையுங்கள். அது விளம்பரம் இல்லை.

டிஸ்க்கின் பூட்டு பாஸ்வேர்டு கேட்டது. அடித்தார். தவறு என்றது. மறுபடி அடித்தார். தவறு. உடனே கண்டக்டருக்கு போன்.

"டேய், எவனோ உள்ள பூந்து பூட்டை மாத்திட்டான்டா!"

"அவ்வளவு சுலபமா மாத்த முடியாதுண்ணே. என்ன வெச்சிருந்தீங்க?"

"நம்ம ரூட்டு."

"எந்த ரூட்டு?"

"நூத்திப் பதினெட்டு. நீதானேடா ரூட் பாஸ்வேர்டு போடச் சொன்னே!"

மறுமுனையில் சிரிப்பு; அது இருமலில் போய் முடிந்தது.

"அண்ணே, அது பஸ் ரூட்டு இல்லண்ணே. ரூட்டுன்னா வேரு. மெஷினையே ஆட்டி வைக்கிற கணக்குக்கு அது பேரு. உங்க பாஸ்வேர்டுதான் பஸ் நெத்தியில எரிஞ்சுக்கிட்டே போகுதே! ஸ்டாப்புல நிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும்."

"அப்ப அந்த அத்தனை பேர்ல ஒருத்தன்தான்."

"அதுக்கு அவன் உங்க வீட்டு சோபாவுல வந்து உக்காரணுமே! இருங்க, வர்றேன். அதுவரைக்கும் யார் கையிலயும் குடுக்காதீங்க."

டிரைவர் ஏற்கெனவே ரிப்பேர் கடைக்குப் பாதி வழியில் இருந்தார். ரிப்பேர் கடைக்காரர் லேப்டாப்பைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஃபார்மட் பண்ணிடலாம் சார். அரை மணி நேரம். புதுசு மாதிரி ஆயிடும்."

"உள்ள இருக்கிறது?"

"அதுவும் புதுசாயிடும்."

டிரைவரின் பையில் போன் அதிர்ந்தது. பேச முடியாத மனைவி எழுதி அனுப்பியிருந்தார்: 'அங்க அழிக்கணும்னு சொன்னா கை வைக்க விடாதீங்க. என் தொண்டைல இனி இன்னொரு புத்தகத்துக்கு இடமில்ல.' கீழே இன்னொரு வரி: 'வீட்டுக்கு வாங்க. திட்ட ஆள் இல்லாம கை அரிக்குது.'

லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல பூட்டு போட்ட டிஸ்க்கில் சாவி தொலைந்தால் மெக்கானிக்கும் இல்லை, மந்திரமும் இல்லை. அழிக்கலாம், திறக்க முடியாது. திருடனுக்கு எதிராகப் போட்ட பூட்டு சொந்தக்காரனுக்கும் சலுகை தராது.

கண்டக்டர் வந்து சேர்ந்தார். "வணக்கம் அண்ணி. பேசாதீங்க, பேசாதீங்க. அண்ணன் பண்ணின காரியம் தெரிஞ்சும் பேசாம இருக்கீங்களே, உங்களுக்குக் கோயிலே கட்டலாம்."

அந்த அம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"அடிங்கண்ணே, பாப்போம்."

டிரைவர் குனிந்தார். விசைப்பலகையின் வலது ஓரத்தில், கால்குலேட்டர் மாதிரி அடுக்கியிருக்கும் எண்களைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். தவறு. மறுபடி. தவறு. ஆண்கள் இருவரும் டிரைவரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று கையைத் தட்டினார். கணவரின் தோளைப் பிடித்து உலுக்கி, பாஸ்வேர்டு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். போனில் எழுதி இருவர் மூக்குக்கு நேரே நீட்டினார்: 'நீங்க அடிக்கறப்ப புள்ளி புள்ளியா வருமே. இப்ப ஒரு புள்ளிகூட வரல.'

கண்டக்டர் போனையும் கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னொரு தரம் அடிங்கண்ணே." அடித்தார். கட்டம் காலி. "அண்ணே, நீங்க தப்பா அடிக்கல. நீங்க எதையுமே அடிக்கல!"

"என்னடா சொல்றே?"

"நம்லாக்னு ஒரு விசை இருக்கு, அதோட விளக்கு எரிஞ்சாத்தான் அந்த ஓரத்து எண்ணெல்லாம் எண்ணு. அணைஞ்சிருந்தா வெறும் அம்புக்குறி. மேல் வரிசையில இருக்கிற எண்ணை அடிங்க."

மேல் வரிசையில் அடித்தார். ஒரு புள்ளி. இன்னொன்று. இன்னொன்று. பூட்டு திறந்தது. அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சை நீளமாக வெளியே விட்டார்.

வேறு யாராக இருந்தாலும் இதோடு சந்தோஷமாகப் போயிருப்பார்கள். டிரைவருக்கு இப்போதுதான் ஆர்வம் கிளம்பியது. "இத்தனை நாள் தானா எரிஞ்ச விளக்கு இன்னிக்கு ஏன் எரியல?"

காலையில் தட்டித் தள்ளிய வரியைப் பற்றி அப்போதுதான் சொன்னார். கண்டக்டர் தலையில் கை வைத்தார். லேப்டாப்பை அணைத்து, அடிப்பலகையைக் கழற்றினார்கள். உள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி. லேப்டாப்பை அணைத்த பிறகும் கடிகாரத்தை ஓடவிட்டு, நம்லாக் எரியவேண்டுமா என்பது போன்ற சின்னச் சின்ன அமைப்புகளையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். வயதாகிச் செத்துப்போயிருந்தது.

"அட! பஸ் மாதிரி இதுவும் பேட்டரிக் கோளாறா?" டிரைவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். "நான் எஞ்சினைச் சந்தேகப்பட்டேனே!"

"நீங்க எஞ்சினைச் சந்தேகப்படல. ஊரைச் சந்தேகப்பட்டீங்க" என்றார் கண்டக்டர்.

புதுப் பேட்டரி போட்டார்கள். பதிவுகள் அன்றைக்கே மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. உள்ளே இருப்பதை அழிக்காமலே பூட்டின் சாவியை மாற்றலாம் என்று கண்டக்டர் செய்து காட்டினார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொற்களைக் கோத்து அந்த அம்மாவே புதுச் சாவி போட்டார். ரூட்டுக்கு வேறு, டிரைவர் பெயருக்கு வேறு.

கடைசியாக நகல். ஒன்றை வெளி டிஸ்க்கில் எடுத்து, லேப்டாப்பிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்தார்கள். இன்னொன்று பென் டிரைவில் கண்டக்டர் வீட்டுக்குப் போனது. எடுத்த கையோடு ஒவ்வொன்றையும் ஓடவிட்டுக் கேட்டார்கள். ஓட்டிப் பார்க்காத நகல் நகலே இல்லை. இலையின் நரம்புகளைப் பற்றி மனைவியின் குரல் பேசப் பேச, பக்கத்தில் மனைவி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க, டிரைவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குரல் இப்போது பத்திரமாக இருக்கும் இடங்கள்: மூன்று.