மாதாவுக்குக் கீழே

பெரிய வெள்ளியான இன்று காலையில் மன்னாரிலிருந்து அமலன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஸ்பெயின் தெருவொன்றில் வியாகுல மாதா அசைந்தசைந்து வருகிறா. தூக்குகிறவர்களின் கால்கள் மட்டும் துணிக்குக் கீழே தெரிகின்றன. கூடவே அவன் குரல்: "அண்ணை, நாங்களும் இப்பிடித்தானே தூக்கினனாங்கள்?"

உடனே என் மூக்கில் ஈர அட்டைப்பெட்டி மணத்தது. மாதாவை நினைத்தால் மற்றவர்களுக்குச் சாம்பிராணி மணக்கும். என் விதி இப்படி.

பல வருடங்களுக்கு முன், இந்த வெளிநாட்டுக்கு வந்த புதிதில், ஏவன்டேலில் ஒரே வீட்டில் மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம்: நான், அமலன், ஸ்பெயினின் செவில்யா நகரத்து ரஃபயேல். ஊருக்குப் போகமுடியாத அந்த ஈஸ்டர் வாரம் ரஃபயேல் சோறு இறங்காமல் கிடந்தான். பிறகு என்ன நினைத்தானோ, எங்கள் கோயில் மாதாவைத் தன் ஊர் முறைப்படி தெருவில் கொண்டுபோவோம் என்று எல்லாரையும் கிளப்பிவிட்டான். தோளில் அல்ல, பிடரியில் தாங்க வேண்டும். சுற்றிவரத் துணி; தூக்குகிறவன் முகம் ஒருவருக்கும் தெரியக்கூடாது. பீடத்தைத் தாங்கும் ஒரே குறுக்கு மரத்தின் கீழ் நிற்பவர்கள் ஒரே உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாரமெல்லாம் நெட்டையன் கழுத்தில்தான்.

அளவு நாடாவோடு வந்தவன், நான் இரண்டு விரல் கட்டை என்று தள்ளிவைத்துவிட்டான். கட்டையனுக்கு ரோசம் கூட, தெரியும்தானே? சப்பாத்துக்குள் அட்டையை மடித்து வைத்துக்கொண்டு மறுபடி போய் நின்றேன். தேறிவிட்டேன்.

பக்கத்தில் அமலன். மனைவிக்கு விசா கிடைக்க வேண்டுமென்று அவனுக்கு நேர்த்திக்கடன்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அட்டை ஊறிச் சப்பளிந்தது. மரம் என் பிடரியை விட்டுவிட்டது. ஒரு சொல் சொல்லியிருந்தால் ரஃபயேல் நிறுத்தி ஆளை மாற்றியிருப்பான். வெட்கம் வாயைக் கட்டியது. துணிக்குள் இருட்டில் அமலன் இழுத்திழுத்து மூச்சுவிட்டான்.

"அண்ணை, பாரமோ?"

"ஓம், சரியான பாரம்."

அதற்குப் பிறகு அவனுக்குக் கழுத்து நேராகவில்லை. கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை போனது. அந்த வேலையை நம்பியிருந்த அவன் விசாவும் போனது. மனைவி இங்கே வருவதற்குப் பதில் அவன் அங்கே திரும்பிப் போனான். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ரஃபயேலும் எங்கேயோ போய்விட்டான். அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். தெருப் பவனியும் நின்றுபோயிற்று. இன்று பின்னேரம் மாதாவைச் சில்லு வைத்த வண்டியில் ஏற்றி, கோயில் கார் நிறுத்துமிடத்தை ஒரு சுற்றுச் சுற்றினோம். நானும் ஒரு கை வைத்துத் தள்ளினேன். பாரமே இல்லை.

வீட்டுக்கு வந்து அமலனுக்குப் பதில் போட்டேன்: "ஓம் தம்பி, சேர்ந்துதானே தூக்கினனாங்கள்."