நடுக்கோட்டுக்குக் கீழே

படிவம் ஐந்து பிள்ளைகளுக்குக் கொசைன் வரைபடம் நடத்தும் வாரம் வந்தாலே எனக்கு வாய் நீண்டுவிடும். டுரியான் துங்காலில் ஒரு பள்ளியில் கூடுதல் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். தமிழ்ப் பிள்ளையாக இருந்தால் தமிழிலேயே திட்டு விழும். "கண்ண எங்க வச்சிருக்க? அலை எங்க ஆடுதுன்னு மொதல்ல பாரு!"

அவர்கள் வருஷம் தவறாமல் செய்யும் தப்பு ஒன்று உண்டு. தாளின் அடியில் கிடக்கும் கிடை அச்சைப் பார்த்ததும், இதுதான் நடுக்கோடு என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஐயோ, அது இல்லை. உச்சியையும் பள்ளத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது நடுக்கோடு. அந்தக் கோட்டிலிருந்து உச்சி எவ்வளவு உயரமோ, அது வீச்சு. வரைபடம் மொத்தமும் மேலே தூக்கி நின்றால் கிடை அச்சை அது தொடவே தொடாது, அங்கே வெட்டுப்புள்ளி தேடுவது வீண் வேலை. செங்குத்து அச்சை வெட்டும் இடம் மட்டும் இருக்கும். இதைச் சொல்லி முடிக்கும்போது இப்போதெல்லாம் சாக்கட்டியை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். காரணம் என் அப்பா.

அப்பா புலாவ் செபாங் பக்கத்தில் ரப்பர்த் தோட்டத்தில் பட்டை கீறிப் பால் மரம் வெட்டியவர். பிறகு அதே தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனையானதும் குலை வெட்டினார். மழைக்காலத்தில் அவர் காலைக் கழுவக் கழுவச் செம்மண் போகாது. ஓய்வு பெற்றபின் அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். ஒரு நாள் குழாயடியில் காலைத் தேய்த்துக்கொண்டே அப்பா எங்கள் இருவரிடமும் சொன்னார். "மண்ண மிதிச்சு மிதிச்சு அலுத்துப்போச்சு. நான் போனா என்னத் தண்ணில விட்டுருங்க. மண்ணுல மட்டும் போட்ராதீங்க."

அவர் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான். உடுப்பு கேட்டதில்லை, ஊர் சுற்றக் கேட்டதில்லை.

போன வருஷம் அவர் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை எரித்தோம். மறுநாள் சாம்பலைத் தஞ்சோங் கிளிங் கடலில் கரைப்பதாகப் பேச்சு. காரியம் செய்ய வந்த பண்டாரம், "பதினொரு மணிக்கெல்லாம் முடிச்சிரணும், மத்தியானம் ராகு காலம்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் கைபேசியில் கடல் ஏற்ற இறக்கம் காட்டும் படத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"பாரு, பதினொண்ணுக்கு பாயிண்ட் ஃபைவ் மீட்டர். முட்டிக்கு மேல தண்ணி லா. போதும்."

நான் பார்த்தேன். என் பிழைப்பே அதுதானே, பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அச்சு அசல் கொசைன். காலை ஆறு மணிக்கு உச்சி, இரண்டு புள்ளி இரண்டு மீட்டர். நண்பகலில் பள்ளம், பூஜ்யம் புள்ளி நான்கு. அப்படியென்றால் நடுக்கோடு ஒன்று புள்ளி மூன்றில், வீச்சு பூஜ்யம் புள்ளி ஒன்பது. கோடு அடி அச்சைத் தொடவே இல்லை. அண்ணன் அந்த அடி அச்சைத்தான் கடற்கரைத் தரை என்று நினைத்துக்கொண்டார். கடல் அடியோடு வற்றும்போது எதுவரை இறங்குமோ அதுதான் அங்கே பூஜ்யம். அது கரையிலிருந்து எங்கேயோ கிடக்கிறது. நாங்கள் போகிற இடத்தில் தண்ணீர் நடுக்கோட்டுக்கு ஏறினால்தான் கரையைத் தொடும். அதற்குக் கீழே வெறும் சேறு.

"அண்ணே, அது நம்ம நிக்கிற எடத்துலேர்ந்து அளந்தது இல்ல. பதினொண்ணுக்குப் போனா சேறுதான் இருக்கும். மூணு மணிக்கு மேல போவோம், தண்ணி ஏறி வந்துரும்."

சித்தப்பா முந்திக்கொண்டார். "எழவு வீட்டுல டீச்சர் வேலை பாக்காதம்மா. நேரங்காலம் பாத்துத்தான் செய்யணும்."

அண்ணன் என்னைப் பார்க்காமலே சொன்னார். "சாம்பல் சட்டியத் தூக்கப்போறது நானு. பொம்பளைங்க தண்ணிகிட்ட வரவேணாம். நீ காடியில உக்காரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சொல்லியாயிற்று, கேட்காவிட்டால் போங்கள், பட்டால்தான் புத்தி வரும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு காரில் ஏறினேன். அப்பாவை வைத்தா அந்தப் புத்தி வர வேண்டும்? அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தஞ்சோங் கிளிங்கில் காரைவிட்டு இறங்கிப் பார்த்தால் கடலையே காணோம். தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடு தெரிந்தது, அவ்வளவுதான். கரையிலிருந்து அதுவரை சேறு. படகு ஒன்று ஒருக்களித்துக் கிடந்தது. படகுக்கார மலாய்ப் பெரியவர் கையை விரித்தார். "ஆயர் சூருட் லா. பெத்தாங் டத்தாங்." தண்ணீர் வற்றிவிட்டது, சாயங்காலம் வாருங்கள் என்கிறார். பண்டாரம் கடிகாரத்தைப் பார்த்தார். சித்தப்பா அண்ணனின் முதுகைத் தொட்டு, "எறங்குடா" என்றார்.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சட்டியோடு இறங்கினார். முட்டிக்கு மேல் தண்ணீர் இருக்கும் என்றவருக்கு முட்டிவரை சேறு. காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்துப் போனார். எவ்வளவு தூரம்தான் போவார்? கணுக்கால் நனையும் அளவுக்குத் தேங்கிய ஓர் இடத்தில் நின்று, கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தோளுக்கு மேலாகச் சட்டியைப் பின்னால் விட்டார். சட்டி உடையவில்லை. தொப்பென்று சேற்றில் சாய்ந்து, சாம்பல் கொட்டியது.

கரைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, அது வழக்கம். அதனால் அண்ணன் கரைக்கு வரும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று என் முகத்தில் தேடினார். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. சேற்றின்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு, பக்கத்தில் நாலு சாமந்தி. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

உடனே கிளம்பிவிட்டோம். எல்லாரும் குளிக்க வேண்டும், வீட்டைக் கழுவ வேண்டும், சமைக்க வேண்டும். சித்தப்பா கார் ஹார்னை அடித்தபடி இருந்தார். மூன்று மணிக்கு நான் புலாவ் செபாங்கில் அண்ணன் வீட்டு அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, இப்போது நடுக்கோட்டைத் தொட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த வருஷம் ஆண்டுத் திதி. படையல் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுப் போனபின் அண்ணன் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காத. அப்பா தண்ணியில போயிட்டாரா?"

பழைய நாளிதழ் ஒன்றை இழுத்து, அதன் ஓரத்தில் அந்த வரைபடத்தைப் போட்டேன். நடுக்கோட்டை அழுத்தி வரைந்தேன். "இங்கதான் நாம போனது, கோட்டுக்கு ரொம்பக் கீழ. இதுதான் பள்ளம். இதுக்கப்புறம் ஏறுது பாருங்க. ரெண்டு, ரெண்டரைக்கெல்லாம் நீங்க நின்ன எடத்துக்குத் தண்ணி வந்துரும். சாயங்காலம் உச்சி. அப்ப அந்த எடத்துல நெஞ்சளவு ஆழம்ணே. போகாம எப்படி இருப்பாரு?"

அண்ணன் கோட்டின்மேல் விரலை வைத்துப் பள்ளத்திலிருந்து உச்சிவரை மெதுவாக ஓட்டிப் பார்த்தார். ஒரு வருஷம் முன்பே இப்படிப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரோ என்னவோ.

"கணக்குல போயிட்டாரு, சரி," என்றார். "நீ பாத்தியா?"

"பாக்கலண்ணே."

அவர் அந்தத் தாளை மடித்து என் பக்கம் தள்ளினார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"நாந்தான் திரும்பிப் பாக்கக் கூடாது. நீயாவது நின்னு பாத்திருக்கலாம் லா."